பழகிறவனுக்குக் குறியீடு இல்லை

கத்தி செய்யிறது எனக்குப் பொழுதுபோக்கு எண்டு சொன்னால் யாழ்ப்பாணத்தில் ரெண்டு விதமான பார்வை கிடைக்கும். வாள்வெட்டுச் செய்திகளை வாசிச்சு வாசிச்சுப் பழகின ஊர் என்றபடியால் முதலாவது பார்வை சந்தேகம். "உதெல்லாம் உனக்கு எதுக்குத் தம்பி?" எண்டு கேட்கிற பார்வை. ரெண்டாவது பார்வை இரக்கம். கம்பஸ் முடிச்ச பெடியன் கொல்லன்ர வேலை பார்க்கிறான், பாவம் எண்ட இரக்கம். இந்த ரெண்டுக்கும் நான் ஓரளவு பழகிவிட்டேன். பழகிக்கொள்ள முடியாமல் இருப்பது மூன்றாவது பார்வைதான். அது அரசாங்கத்தின் வரிப் பட்டியல் என்னைப் பார்க்கிற பார்வை. அந்தப் பட்டியலில் தேடிப்பார்த்தால், என்னைப் போன்ற ஒராள் இருப்பதாகவே அதுக்குத் தெரியாது.

முதலில் நான் என்ன செய்கிறேன் எண்டதைச் சொல்லிவிடுகிறேன். வருசத்துக்கு மூன்று, மிஞ்சினால் நாலு கத்தி. எல்லாம் குசினிக் கத்திகள். ஒன்று மாமிக்கு மீன் வெட்ட. ஒன்று அம்மாவுக்கு மரக்கறிக்கு. ஒன்று கலியாணம் கட்டிப் போன சிநேகிதிக்குப் பரிசாக. விற்பனை இல்லை. விற்கிற அளவுக்கு அவை இன்னும் திறமும் இல்லை. ஒரு கத்திக்கு நாலைந்து வார இறுதிகள் போகும். உருக்குத் தகட்டை வெட்டி, தேய்ச்சு, சூடாக்கி, எண்ணெய்யில் தோய்ச்சு, பிடி போட்டு, கடைசியாக ஒரு தக்காளியை வெட்டிப் பார்க்கிற அந்த நிமிசத்துக்காகத்தான் இவ்வளவும்.

இதுக்குத் தேவையான சாமான்களில் பாதி இங்கேயே கிடைக்கும். பிடிக்கு மர ஆலையில் வெட்டி ஒதுக்கின முதிரைத் துண்டு போதும், பனையின் கறுத்த வைரமும் நல்லது. கரியும் கிரைண்டரும் அரமும் ஊரிலேயே எடுக்கலாம். மற்றப் பாதிதான் பிரச்சினை. என்ன கலவை எண்டு எழுதிக் கொடுத்து விற்கிற உருக்குத் தகடு, 72 இஞ்சி நீளமான தேய்ப்பு பெல்ட், தண்ணீர் பட்டாலும் பிடியை விடாத எப்பொக்சிப் பசை. பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தச்சுவேலை மெஷினுக்குரிய சின்ன பெல்ட் ஹார்ட்வெயார் கடையில் இருக்கும். கத்தி செய்கிறவர்கள் பாவிக்கிற 2 இஞ்சி அகலம், 72 இஞ்சி நீளம் எண்ட அளவைக் கேட்டால், நான் போன கடைகளில் தலையைத்தான் ஆட்டினார்கள். ஆகவே பார்சல். பார்சல் எண்டால் சுங்கம்.

என்ர முதலாவது பார்சல் வந்தபோது, கிளியரிங் பார்க்கிற ஒரு அண்ணை போனில் கதைத்தார். நல்ல மனிசன். வந்த தொகையைக் கேட்டு நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "தம்பி, நீங்கள் சாமானுக்கு மட்டும் வரி எண்டு நினைச்சிருப்பியள். அப்பிடி இல்ல. சாமான் வந்த பிளேன் காசுக்கும் வரி. அந்த வரிக்கும் வரி." அவர் சொன்னதை அப்போது ஒரு கதைக்குச் சொன்னது எண்டுதான் எடுத்தேன். பிறகு உட்கார்ந்து வாசிச்சுப் பார்த்தால், ஒரு சொல்லும் கூடக்குறைய இல்லை.

விளங்குவதற்காக வட்டமான எண்களில் ஒரு கணக்குப் போடுகிறேன். வீதங்கள் சாமானுக்குச் சாமான் மாறும். வர்த்தமானி வந்தால் இரவோடிரவாகவும் மாறும். ஆனால் கணக்கின் வடிவம் இதுதான். சாமானின் விலை 20,000 ரூபா. கூரியரும் காப்புறுதியும் 15,000 ரூபா. பாரமான இரும்பை ஆகாயத்தில் கொண்டுவந்தால் இது பெரிய தொகை இல்லை. இலங்கையில் வரிக்கான பெறுமதி ரெண்டையும் கூட்டித்தான் வரும்: 35,000. சுங்கவரி 20 வீதம் எண்டு வையுங்கள், 7,000. துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி 10 வீதம் எண்டு வையுங்கள், 3,500. அடுத்தது வற். அதை 35,000க்குப் போடமாட்டார்கள். 35,000க்கு மேல் ஒரு 10 வீதத்தைச் சும்மா கூட்டி, அதோடு இப்ப கட்டின சுங்கவரியையும் மற்ற வரியையும் கூட்டி, 49,000 ஆக்கி, அதுக்கு 18 வீதம் போடுவார்கள். 8,820. மொத்த வரி 19,320 ரூபா. செஸ் இருந்தால் அது வேற. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதமும் வேற. அவற்றை நான் சேர்க்கவில்லை.

20,000 ரூபா சாமானுக்கு 19,320 வரி. சாமான் விலையை மட்டும் வைத்து இதே வீதங்களில் கணக்குப் போட்டால் வரி 11,040 தான். மிச்சம் 8,280 ரூபாவும், சாமான் தூரத்திலிருந்து வந்தது எண்ட ஒரே காரணத்துக்காக நான் கட்டுகிற வரி. கொள்கலனில் தொன் கணக்கில் இறக்குகிற வியாபாரிக்கு ஒரு பெல்ட்டின் மேல் விழுகிற போக்குவரத்துச் செலவு சில ரூபாதான். எனக்கு அது பெல்ட்டின் விலைக்குக் கிட்ட வரும். சட்டம் ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். சுமைதான் வேற வேற.

இப்படித்தான் செய்யவேணும் எண்டு உலகத்தில் ஒரு விதியும் இல்லை. போக்குவரத்துச் செலவைப் பெறுமதியில் சேர்ப்பதா விடுவதா எண்டதை உலக வர்த்தக அமைப்பின் சுங்கப் பெறுமதி உடன்படிக்கை அந்தந்த நாட்டிடமே விட்டிருக்கிறது. அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா சேர்ப்பதில்லை. நாங்கள் சேர்க்கிறோம்.

பில்லில் இருக்கிற ஒவ்வொரு வரியின் சட்டத்துக்கும் ஒவ்வொரு பிறந்த வருசம் இருக்கு. சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கம். செஸ், 1979ஆம் ஆண்டின் ஏற்றுமதி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருவது. வற் சட்டம் 2002. துறைமுக, விமான நிலைய வரிச் சட்டம் 2011. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2022. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் வந்தது. இவற்றில் புதுசு வரும்போது பழசு போகவில்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறி இருந்துகொண்டது.

இனிக் குறியீட்டுக்கு வருவம். ஒரு நாட்டுக்குள் வருகிற எந்தச் சாமானுக்கும் ஒரு எண் இருக்கவேணும். 1988இலிருந்து உலகம் முழுக்கப் பாவிக்கிற ஒத்திசைவு முறை அது. முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்று. இலங்கை அதுக்குப் பின்னால் இன்னும் ரெண்டு இலக்கம் சேர்க்கும். கத்திக்கு 8211. தேய்ப்பு பெல்ட்டுக்கு 6805. கலப்பு உருக்குப் பாளத்துக்கு 7228, ஒடுக்கமான தகடு எண்டால் 7226. சில்லறையாகச் சின்னப் போத்தலில் வருகிற பசைக்கு 3506. ஒரே பெட்டிக்குள் இருக்கிற நாலு சாமானுக்கு நாலு எண், நாலு வீதம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கு. வெறும் தகடு எண்டால் அது உருக்கு. அதே தகட்டை விற்கிறவர் கத்தி வடிவில் வெட்டி அனுப்பினால், முடியாத சாமானாக இருந்தாலும் முடிந்த சாமானின் முக்கிய குணம் அதுக்கு வந்திட்டுது எண்டு சொல்லி, அதைக் கத்தியின் பக்கம் போட்டுவிடலாம். விளக்கவிதி 2(அ) சொல்வது அதுதான். அலகுக்கு எண்டே 8211.94 எண்டு தனி எண்ணும் இருக்கு. இனி, பெட்டிக்கு மேல் கத்தி எண்ட சொல்லை எழுதி அதை யாழ்ப்பாண விலாசத்துக்கு வரவழைத்தால் எத்தினை பேர் எத்தினை கேள்வி கேட்பார்கள் எண்டதை நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே பழகத் தொடங்குகிறவருக்கு லேசான வழியான வெட்டின அலகை விட்டுவிட்டு, கஷ்டமான வழியான வெறும் தகட்டைத்தான் நான் எடுக்கிறேன்.

இந்தப் பட்டியலை வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு விசயம் தெளிவானது. அதில் எல்லாருக்கும் ஒரு இடம் இருக்கு. ஏற்றுமதிக்காகச் சாமான் செய்கிற கொம்பனி, அதுக்கு வேண்டிய மூலப்பொருளை வரியில்லாமல் கொண்டுவரத் திட்டம் இருக்கு. வற் பதிவு இருக்கிற வியாபாரி, துறைமுகத்தில் கட்டின வற்றைத் தான் அறவிடுகிற வற்றில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரப் பயணிச் சலுகை இருக்கு. சும்மா ஒரு கத்தியை வாங்கிப் பாவிக்கிறவருக்குக் கடையில் பத்து வகை இருக்கு. செய்யப் பழகிறவனுக்குத்தான் எந்த எண்ணும் இல்லை. அவன் வாங்குவது மூலப்பொருள், ஆனால் அவன் தொழிற்சாலை இல்லை. அவன் தன் பாவனைக்குத்தான் எடுக்கிறான், ஆனால் சாமான் பாவனைச் சாமான் இல்லை. ஆகவே ரெண்டு பக்கத்துச் சுமையும் அவனுக்கு. ரெண்டு பக்கத்துச் சலுகையும் இல்லை.

மற்றப் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேணும். 2022இல் எரிபொருளுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற ஆட்கள்தான் நாங்கள். சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனதைப் பார்த்தோம். அரசாங்கத்துக்குக் காசு வேணும், டொலர் வெளியே போகாமல் பார்க்கவும் வேணும். சின்னப் பார்சலுக்கு வழிவிட்டால், வியாபாரிகள் பெரிய சரக்கை நூறு சின்னப் பார்சலாக உடைத்து அனுப்புவார்கள் எண்ட பயமும் பொய்யில்லை. அமெரிக்காவில் 2016 தொடக்கம் 800 டொலர் வரையான பார்சலுக்கு வரியில்லாமல் இருந்தது. அந்த வழியால் சரக்குக் குவியுது எண்டு சொல்லி 2025 ஓகஸ்ட் 29இல் எல்லா நாட்டுக்கும் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இது எங்கட நாட்டின் நோய் மட்டுமில்லை. ஆனால் பூட்டுப் போடுகிறபோது யார் வெளியே நிற்கிறார்கள் எண்டதையும் பார்க்கத்தானே வேணும்.

"வில்லுத்தகட்டில செய்யலாமே?" எண்டு நீங்கள் கேட்கலாம். செய்யலாம். நானும் செய்தேன். பார்சல் கட்டுப்படியாகாத ஒரு வருசம் முழுக்க, எங்கட பக்கத்தில் மிஞ்சியிருக்கிற ஒரு கம்மாலைக்குப் போய்வந்தேன். மண்வெட்டிக்கும் கொடுவாக்கத்திக்கும் வாய் அடிச்சுக் கொடுக்கிற ஒரு ஐயா. அவருக்கு இரும்பு எண்டால் பழைய லொறியின் வில்லுத்தகடுதான். அது நல்ல உருக்கு. நூற்றுக்கு 0.6 அளவில் கரி இருக்கும். கத்திக்குப் போதும். ஐயா காந்தமும் பாவிப்பதில்லை, வெப்பமானியும் இல்லை. உருக்கு ஏறக்குறைய 770 பாகை செல்சியஸில் காந்தத்தில் ஒட்டாமல் போகும் எண்டதை நான் யூடியூப்பில் படித்தேன். அவர் நிறத்தைப் பார்த்தே அதைத் தாண்டிப் போய்விடுவார். பகலிலும் கம்மாலையை இருட்டாக வைத்திருப்பது ஏன் எண்டு கேட்டேன். "வெய்யிலில நிறம் பொய் சொல்லும் தம்பி" எண்டார்.

அந்த வருசம் நான் செய்த ஒரு கத்தி, எண்ணெய்க்குள் விட்ட உடனே 'டிங்' எண்டு ஒரு சத்தம் போட்டது. வெளியே எடுத்தால் குறுக்கே மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது லொறிக்குக் கீழேயே வெடிச்ச தகடு எண்டார். இருபது வருசம் கிடங்கு றோட்டில் வளைஞ்சு நிமிர்ந்த இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. அடுத்த துண்டை எடுத்தார். நாற்பது வருசக் கை. எந்த இரும்பைக் கொடுத்தாலும் அது என்ன எண்டு கேட்டு அறிந்துகொள்ளும்.

எனக்கு அந்தக் கை இல்லை. வெடித்தது சூடு கூடியதாலா, எண்ணெய் குளிர்ந்திருந்ததாலா, தகடே பழுதா எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் கடைசிவரை தெரிந்திருக்காது. பழகிறவனுக்கு என்ன உருக்கு எண்டு தெரிந்த தகடு தேவைப்படுவது அதனால்தான். தகட்டின் கலவை தெரிந்தால், எத்தினை பாகைச் சூடு, என்ன எண்ணெய், பிறகு எத்தினை பாகையில் பதப்படுத்துவது எண்டு எல்லாம் எழுதியிருக்கும். கத்தி சரிவராவிட்டால் காரணத்தைத் தேடலாம். நல்ல மூலப்பொருள் கெட்டிக்காரருக்குத்தான் வேணும், பழகிறவனுக்குக் கழிவே போதும் எண்டு நாங்கள் நினைக்கிறோம். உண்மை நேர்மாறு. கழிவை வைத்து வேலை செய்யக் கெட்டிக்காரரால் முடியும். பழகிறவனால் முடியாது.

இந்தக் கதையைச் சொன்னால் ஆட்கள் உடனே ஒரு பாடம் எடுப்பார்கள்: "பாத்தியா, வரி கூடினதாலதானே அந்த ஐயாவிட்டப் போனாய்? இல்லாட்டிப் போயிருப்பியா?" எங்கட ஊரில் இந்தப் பாடத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது எரிபொருள் இல்லை, பற்றறி இல்லை, சீமெந்து இல்லை. மண்ணெண்ணெய்யில் மோட்டார் சைக்கிள் ஓடினதையும், சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டதையும் வீட்டில் பெரியாக்கள் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எனக்கும் அந்தக் கதைகள் பிடிக்கும். ஆனால் அதைச் செய்தவர்கள் விரும்பிச் செய்யவில்லை. செய்யாவிட்டால் வாழ்க்கை நின்றுபோயிருக்கும். இல்லாமை திறமையை வளர்க்கும் எண்டு சொல்கிற ஆட்கள், அந்த இல்லாமையால் தொடங்காமலே போன வேலைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. என்னைக் கம்மாலைக்கு அனுப்பினது வரிதான். அதுக்காக வரிக்கு நன்றி சொல்ல நான் தயாரில்லை. என்னோடு சேர்ந்து தொடங்கின ரெண்டு சிநேகிதர்கள் முதல் பில்லோடேயே விட்டுவிட்டார்கள். அவர்கள் எந்தக் கம்மாலைக்கும் போகவில்லை.

ஐயாவின் மகன் வெளிநாட்டில். அவருக்குத் தகப்பன்ர வேலை வேண்டாம். காசு மட்டும் காரணம் எண்டு நான் நினைக்கவில்லை. எனக்குப் பொழுதுபோக்காக இருக்கிற இதே வேலை அவருக்குப் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயராக இருந்திருக்கும். சாதியோடு கட்டிவைத்த ஒரு தொழிலை அந்தச் சாதிப் பிள்ளைகள் விட்டுப் போனால் அதைக் குறைசொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அந்தக் கைவேலை மிஞ்சவேணும் எண்டால், அது பிறப்பிலிருந்து கழன்று, விரும்பின எவரும் பழகலாம் எண்ட நிலைக்கு வரவேணும். அப்படி வருகிற முதல் ஆட்கள் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களாகத்தான் இருப்பார்கள். வார இறுதியில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, மூன்று கத்தி செய்து, அதில் ரெண்டைப் பழுதாக்குகிற ஆட்கள். அந்த வாசலில்தான் இந்த வரி குந்தியிருக்கு.

இந்தத் தீவுக்கு உருக்குப் புதுசும் இல்லை. சமனலவெவப் பக்கத்தில் மலைச்சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாக வைத்து உருக்கு எடுத்த உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் கண்டுபிடித்து, 1996இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார். ஆயிரம் வருசத்துக்கு முந்தின உலைகள். ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதின அரபு அறிஞர் அல்-கிந்தி, சரந்தீப் உருக்கைத் தனியாகக் குறிப்பிடுகிறார். ஒரு காலத்தில் உருக்குக்குப் பெயர் எடுத்த தீவில், இன்றைக்கு ஒரு கிலோ உருக்குத் தகட்டுக்காக நான் இறக்குமதி வரிக் கணக்குப் பார்க்கிறேன்.

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. தனியாள் தன் பேரில் எடுக்கிற கருவிக்கும் மூலப்பொருளுக்கும் வருசத்துக்கு இவ்வளவு எண்டு ஒரு சின்ன எல்லை. அடையாள அட்டை இலக்கத்தோடு கணக்கு வைத்தால், பார்சலை நூறாக உடைக்கிற வியாபாரியை அதிலேயே பிடிக்கலாம். அந்த எல்லைக்குள் வரியைச் சாமான் விலைக்கு மட்டும் போடுங்கள், பிளேன் காசை விடுங்கள். வரியே வேண்டாம் எண்டு நான் கேட்கவில்லை. பார்சல் வருவதுக்கு முதலே எவ்வளவு வரும் எண்டு தமிழிலும் சிங்களத்திலும் பார்க்கக்கூடிய மாதிரி ஒரு பக்கம் இருக்கட்டும். இது கத்திக்கு மட்டுமான கதையும் இல்லை. வயலின் திருத்தப் பழகிறவர், மணிக்கூடு திருத்தப் பழகிறவர், வீட்டில் ரோபோ செய்கிற பள்ளிக்கூடப் பிள்ளை, எல்லாரும் இதே கவுண்டரில்தான் வந்து நிற்கிறார்கள்.

அதுவரைக்கும் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக எடுக்கத் தொடங்கியிருக்கிறம். போக்குவரத்துச் செலவு ஐந்தாகப் பிரிபட்டால் அதன் மேல் வருகிற வரியும் பிரிபடும். சாமான் வந்தால் சனிக்கிழமைகளில் கம்மாலையில் கூடுவம். ஐயா தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, நாங்கள் இறக்கின தகட்டைத் தட்டி, சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார். போன மாசம், தனக்கும் ஒரு துண்டு அடுத்த பார்சலில் போடச் சொன்னார். எழுபது வயதில் அவருக்கும் ஒரு புது இரும்பு என்ன செய்யும் எண்டு பார்க்கவேணுமாம். ஆறாவது ஆள் சேர்ந்தால் செலவு இன்னும் குறையும். வாசிக்கிற உங்களில் யாருக்கும் விருப்பம் இருந்தால் சொல்லுங்கோ.